ஒன்றாம் சிலிண்டர்

காயல்பட்டினம்,
3 பிப்ரவரி 2025

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சென்ற வியாழக்கிழமை நீங்கள் போனை வைத்ததிலிருந்து நானும் கூப்பிடவில்லை, நீங்களும் கூப்பிடவில்லை. மின்ஹாவிடம் மட்டும், "உம்மா நல்லா இருக்காளா?" என்று கேட்டீர்களாம். இருக்கிறாள் என்று அவளும் சொன்னாளாம். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற நம் மகளை நடுவில் நிறுத்தி நாம் இருவரும் சலாம் சொல்லிக்கொள்வது நன்றாக இல்லை. அதனால் எழுதுகிறேன். தாளில் எழுதிப் படமெடுத்து உங்கள் போனுக்கு அனுப்புவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பேசினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். எழுதினால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்துதான் ஆக வேண்டும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். உங்கள் ஃபியட் காரின் இன்ஜினைப் போன லீவுக்கு முந்தைய லீவில் நீங்கள்தான் பிரித்தீர்கள். ஒவ்வொரு உறுப்பையும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, முட்டை அட்டைகளிலும் டப்பாக்களிலும் அடுக்கினீர்கள். அடுத்த லீவில் பூட்டுகிறேன் என்று தம்மாமுக்குப் போனீர்கள். அடுத்த லீவிலும் பூட்டவில்லை. இப்போது கம்பெனி இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். "போட மாட்டேன், ஊரில் இன்ஜின் வேலை கிடக்கிறது, வந்துவிடுகிறேன்" என்றுதான் ஆறு மாதமாகச் சொல்லிவந்தீர்கள். வியாழக்கிழமை நான் சந்தோஷமாக, இன்ஜினைப் பூட்டியாகிவிட்டது என்று சொன்னேன். "அப்போ நான் கையெழுத்துப் போட்டுடுறேன்" என்று வைத்துவிட்டீர்கள்.

என்னைக் கேட்காமல் ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் இருக்கிறது, ஆனால் இன்று அதை எழுதப் போவதில்லை. இன்று ஓர் உதவி கேட்கத்தான் எழுதுகிறேன்.

கார் கிளம்பவில்லை.

பூட்டியவர் பெயர் அமலன். திரேஸ்புரத்தில் போட் இன்ஜின் வேலை பார்க்கிறார். தூத்துக்குடி லேத் பட்டறையில் சிலிண்டரை உள்ளே கடைந்து போர் போடக் கொடுத்திருந்தபோது பழக்கம். ஆறுமுகநேரி மெக்கானிக்குகள் எல்லாரும், "டீச்சர், இத எடைக்குப் போடுங்க" என்றார்கள். அவர் ஒருவர்தான் முட்டை அட்டைகளைப் பார்த்து, "இவ்வளவு பக்குவமா வச்சிருக்காருன்னா, பூட்டத்தான வச்சிருக்காரு" என்றார். ஞாயிற்றுக்கிழமை போட்கள் கடலுக்குப் போகாது. சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி வருவார். என் தம்பி இஹ்ஸான் முற்றத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டு காவல் இருப்பான். நேற்றும் அப்படித்தான். சாவியைத் திருப்பினோம். இன்ஜின் சுற்றுகிறது, துப்புகிறது, ஓடவில்லை. பெட்ரோல் வருகிறது. பிளக்கில் பொறியும் வருகிறது. பொறி விழும் நேரம், அந்த டைமிங்தான் தப்பு என்கிறார் அமலன். எங்கே தப்பு என்று அவருக்குத் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரியும்.

பல்கீஸ்


தம்மாம்,
5 பிப்ரவரி 2025

பல்கீஸுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் வந்தது. எழுத்து இன்னும் கரும்பலகை எழுத்தாகவே இருக்கிறது. வாசிக்கச் சிரமம் இல்லை.

எனக்குக் கோபம் இல்லை. இதை எழுதிவிட்டு ஒருமுறை வாசித்தேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் அடிக்காமல் விடுகிறேன்.

ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் நட்டோடு சேர்த்துக் கட்டிவைத்தது நான். வால்வுகளை எந்த வரிசையில் இருந்தனவோ அந்த வரிசையிலேயே வைத்தது நான். பிளக் ஒயர்களில் டேப் ஒட்டி நம்பர் போட்டது நான். கண்ணை மூடிக்கொண்டு பூட்டலாம் என்கிற மாதிரி வைத்துவிட்டு வந்தேன். அதை யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து துணியைப் பிரித்துப் பூட்டியிருக்கிறார். அவர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். எனக்கு அவர்மேல் ஒன்றும் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. கம்பெனி ஃபாரம் மேசைமேல் இருக்கிறது. இந்த வாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். வேலைக்கும் இங்கே பஞ்சமில்லை.

மின்ஹாவுக்கும் பேரனுக்கும் சலாம்.

ஸதக்கத்துல்லாஹ்

கார்புரேட்டர் வழியாகத் துப்புகிறதா, சைலன்சர் வழியாக வெடிக்கிறதா? சும்மா கேட்கிறேன்.


காயல்பட்டினம்,
6 பிப்ரவரி 2025

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சும்மா கேட்டதற்குச் சும்மாவே பதில் சொல்கிறேன். பெரும்பாலும் கார்புரேட்டர் வழியாகத்தான். தும்மல் போல ஒரு சத்தம், கூடவே கொஞ்சம் புகை. இடையிடையே சைலன்சரிலும் ஒரு வெடி. பக்கத்து வீட்டு ஸஹ்லா லாத்தா முடுக்குச் சந்து வழியாக வந்து பார்த்துவிட்டு, "ஏளா பல்கீஸ், ஒன் காரு இப்படித் தும்முதே, ஓமத்தண்ணி வச்சுக் குடேன்" என்றாள். அதற்குப் பிறகு தெருவுக்கே அது தும்முகிற கார் ஆகிவிட்டது.

இனி, அன்றைக்கு எழுதாமல் விட்ட பதில்.

பெருமழையில் முற்றத்தில் தண்ணீர் ஏறியபோது நானும் மின்ஹாவும் உங்கள் அட்டைகளையும் டப்பாக்களையும் மாடிக்குத் தூக்கினோம். அரிசி மூட்டையைக்கூட அப்புறம்தான் தூக்கினோம். ஒரு பிஸ்டனைத் துணியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு படி ஏறும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இதைப் பூட்டிவிட வேண்டும் என்று அந்தப் படியில்தான் நினைத்தேன். ஆனாலும் நீங்கள் வந்து பூட்டட்டும் என்றே காத்திருந்தேன்.

நீங்கள் வந்தீர்கள். லீவு முழுக்க அந்த அட்டைகளின் முன்னால் உட்கார்ந்தீர்கள். சுற்றிய துணியைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி சுற்றிவைத்தீர்கள். நான் அடுப்படி ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பூட்ட நினைக்கிறவர் அப்படிச் செய்ய மாட்டார்.

மூன்றாம் வகுப்பில் எனக்கு ஒரு பையன் இருந்தான். கெட்டிக்காரன். ஆனால் கணக்கை மட்டும் முடிக்கவே மாட்டான். கடைசி வரியை எழுதாமல் பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பான். கணக்கு முடிந்தவர்கள் வெளியே போய் விளையாடலாம் என்பது என் வகுப்பின் வழக்கம். நான் வெகுநாள் அவனைச் சோம்பேறி என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், வெளியே அவனை யாரும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வதில்லை. கணக்கு முடியாதவரை அவனுக்கு உட்கார ஓர் இடம் இருந்தது.

உங்களுக்கு வெளியே என்ன பயம் என்று எனக்குத் தெரியவில்லை, மச்சான். கேட்டால் சொல்லமாட்டீர்கள் என்பது மட்டும் தெரியும். அதனால் கணக்கை நான் முடித்துவிடலாம் என்று பார்த்தேன். கடைசி வரி எனக்கு வரவில்லை.

இன்ஜினைப் படம் எடுத்து அனுப்பட்டுமா?

பல்கீஸ்


தம்மாம்,
8 பிப்ரவரி 2025

பல்கீஸுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். படம் வேண்டாம். வேறொருவர் கை பட்ட இன்ஜினைப் பார்க்க எனக்கு இன்னும் ஆகவில்லை. எழுத்தில் வாசித்தால் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

அந்தப் பையனைப் பற்றி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். அது இருக்கட்டும். டைமிங்குக்கு வருவோம்.

முதலில், பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி பாயிண்ட் இடைவெளியைப் பார்க்கச் சொல். இரண்டாவது, முன்மூடியைப் போடும் முன் டைமிங் செயினின் இரண்டு பல்சக்கரக் குறிகளும் நேருக்கு நேர் இருந்தனவா என்று கேள். இரண்டும் சரி என்றால் மிச்சம் ஒன்றுதான்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பிஸ்டன் ஒரு சுற்று வேலைக்கு இரண்டு முறை மேலே வரும். ஒரு முறை பெட்ரோல் காற்றை அழுத்திக்கொண்டு வரும். அப்போது பொறி விழுந்தால் வேலை நடக்கும். இன்னொரு முறை எரிந்த புகையை வெளியே தள்ளிக்கொண்டு வரும். அப்போது பொறி விழுந்தால் வேலை நடக்காது. புதிதாக உள்ளே வரத் தொடங்கிய பெட்ரோல் காற்று பற்றிக்கொண்டு கார்புரேட்டர் வழியாகத் துப்பும். நீ எழுதியது அதுதான். சிக்கல் என்னவென்றால், கீழே புல்லியில் இருக்கும் குறி இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். குறியை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

அதனால் விரலை நம்ப வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்றிவிடுங்கள், சுற்ற லேசாக இருக்கும். ஒன்றாம் சிலிண்டரின் துளையில் ஒருவர் விரலை வைத்து அடைத்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் முன்னால் ஹேண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். காற்று விரலைத் தள்ளும்போது, குறியும் வந்து சேர்ந்தால், அங்கே நிறுத்துங்கள். அப்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் முள் போலச் சுற்றும் ரோட்டர், மூடியில் ஒன்றாம் ஒயர் சொருகும் இடத்தைப் பார்க்க வேண்டும். நேர் எதிர்ப்பக்கம் பார்த்தால் தப்பு அதுதான். டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டால் கிளம்பிவிடும்.

குறியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள். உன்னிடம் சாக்பீஸ் இல்லாமல் இருக்காது.

ஃபாரம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. இந்த வாரம் வேலை அதிகம்.

ஸதக்கத்துல்லாஹ்


காயல்பட்டினம்,
10 பிப்ரவரி 2025

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் நேற்றுச் செய்தோம். தும்மல் நிற்கவில்லை.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். குறி இரண்டு முறை வரும் என்று எழுதினீர்களே, அதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் மணி சரியாக ஒன்பதுக்கு அடிக்கிறது. கடிகாரத்தில் குற்றமில்லை, மணி அடித்தவர் மேலும் குற்றமில்லை. ஆனால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் எப்படி வருவார்கள்? அமலனிடம் இதைச் சொன்னேன். "டீச்சர், எங்களுக்கு ஞாயித்துக்கிழமதான் மணி அடிக்கும்" என்றார்.

பாயிண்ட் இடைவெளி சரியாக இருக்கிறது. செயின் குறிகள் நேருக்கு நேர் இருந்ததை நானே பார்த்தேன், மூடி போடும் முன் மின்ஹாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு விரல் சோதனை. மூடியை ஒயர்களோடு தூக்கி ஓரமாகத் தொங்கவிட்டோம். நான்கு பிளக்கையும் கழற்றினோம். நான் பம்பருக்கு முன்னால் உட்கார்ந்து ஹேண்டிலைச் சுற்றினேன். மின்ஹா டார்ச் அடித்துக் குறியைப் பார்த்தாள். அமலன் ஒன்றாம் சிலிண்டரில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். காற்று திடீரென்று விரலைத் தள்ளியதும் அவர் துள்ள, வைப்பர் அவர் சட்டைப் பாக்கெட்டில் மாட்டிக் கிழித்துவிட்டது. பூசைக்குப் போட்டுவந்த சட்டை. "ஒங்க வீட்டுக்காரரு அங்க இருந்துக்கிட்டே என் சட்டையக் கிழிச்சிட்டாரு" என்றார். இஹ்ஸான் பேப்பருக்குப் பின்னால் சிரித்தது எனக்குக் கேட்டது. நான்தான் ஊசி நூல் எடுத்துத் தைத்துக் கொடுத்தேன்.

சட்டை தைத்த பிறகு இன்னொரு முறையும் பார்த்தோம். காற்று தள்ளுகிறது, குறி சேருகிறது, ரோட்டர் ஒன்றாம் ஒயரின் இடத்தைத்தான் பார்க்கிறது. பிறகு நான் ஒயர்களை மாட்டினேன். மூடியிலிருந்து வரும் ஒயர்களில் உங்கள் டேப் நம்பர்கள் அப்படியே இருக்கின்றன. ஒயர்களின் நீளமே எது எங்கே போக வேண்டும் என்று சொல்லிவிடுகிறது.

சாவியைத் திருப்பினால் தும்மல். டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் இப்படியும் கொஞ்சம் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அதே தும்மல். அமலன் பஸ்ஸுக்குப் போகும்போது, "கடல்ல ஏத்தி விட்டா ஓடும் டீச்சர். தரையிலதான் அதுக்குப் புடிக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் முகம் வாடித்தான் இருந்தது.

எல்லாம் சரியாக இருந்தும் விடை தப்பாக வந்தால், யாரும் சந்தேகப்படாத வரியில்தான் தப்பு இருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். அந்த வரி எது என்று எனக்குத் தெரியவில்லை.

ஃபாரத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று எழுதினால் கேட்டதாகத்தான் அர்த்தம். இருந்தாலும் கேட்கவில்லை.

பல்கீஸ்


தம்மாம்,
10 பிப்ரவரி 2025, மாலை

பல்கீஸ்,

ஒன்றாம் சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம், ஃபேனுக்கு அடுத்தது. அங்கே விரலை வைத்தவர் சட்டையை ஃபேன் கிழிக்கலாம். வைப்பர் எப்படிக் கிழிக்கும்? அது கண்ணாடி ஓரத்தில் அல்லவா இருக்கிறது?

அவர் எந்தத் துளையில் விரலை வைத்தார் என்று கேள். எதையும் தொடுவதற்கு முன் கேள்.

ஸதக்கத்துல்லாஹ்


காயல்பட்டினம்,
12 பிப்ரவரி 2025

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், கார் கிளம்பிவிட்டது.

உங்கள் கடிதம் வந்ததும் அமலனுக்குப் போன் செய்தேன். ஏதோ ஒரு போட்டின் வயிற்றுக்குள் இருந்தார் போல, குரல் குகைக்குள்ளிருந்து வந்தது. ஒன்றாம் சிலிண்டர் எது என்று கேட்டேன். டீச்சருக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பார்.

"தண்டுப் பக்கந்தான டீச்சர் ஒண்ணு. வேற எங்க இருக்கும்?"

தண்டு என்றால் போட்டுக்கு அடியில் தண்ணீரைத் தள்ளும் விசிறியைச் சுற்றும் தண்டு. அவர் தொழில் கற்ற போட் இன்ஜின்களில் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரம் இருக்கும் பக்கத்திலிருந்துதான் எண்ணுவார்களாம். இன்ஜினின் சக்தி எந்தப் பக்கம் வெளியே போகிறதோ அதுதான் தலைப்பக்கம். காரில் ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள் என்று நான் சொன்னேன். "வாலுல இருந்தா எண்ணுதாங்க?" என்றார். உங்களைப் பற்றி அவருக்கு இருந்த மதிப்பு அந்த இடத்தில் சற்றுக் குறைந்திருக்கும்.

ஆக, நம் நான்காம் சிலிண்டர் அவருக்கு ஒன்று. அதில் விரலை வைத்து, அதற்கு ஏற்றபடி டிஸ்ட்ரிபியூட்டரை உட்காரவைத்திருக்கிறார். அவர் கணக்குப்படி அது சரி. நான் உங்கள் டேப்பைப் பார்த்து உங்கள் ஒன்றுக்கு ஒயரை மாட்டினேன். உங்கள் கணக்குப்படி அதுவும் சரி. அவர் கையாலேயே ஒயரையும் மாட்டியிருந்தால் வண்டி முதல் நாளே ஓடியிருக்கும். நீங்களே எல்லாவற்றையும் செய்திருந்தாலும் ஓடியிருக்கும். நடுவில் நான் புகுந்ததால் நின்றுவிட்டது.

தாளில் வட்டம் போட்டுப் பார்த்தேன். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று பொறி போகிறது. பின்னாலிருந்து எண்ணினாலும் அதே வரிசைதான் வருகிறது, தொடங்கும் இடம் மட்டும் நேர் எதிரே போய்விடுகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல், ஒன்றாம் ஒயரையும் நான்காம் ஒயரையும் மாற்றினேன். மூன்றையும் இரண்டையும் மாற்றினேன். நீளம் இழுத்துக்கொண்டு நின்றது, ஆனால் எட்டியது. பிறகு பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பினேன்.

ஒரு தும்மலும் இல்லை. முதலில் ஓர் உறுமல், பிறகு தடதடவென்று ஒரே சீராக ஓடியது. ஸஹ்லா லாத்தா முடுக்கிலிருந்து எட்டிப் பார்த்து, "சொகமாயிருச்சு போல" என்றாள். பேரன் பயந்து அழுதான். மின்ஹா அழுதது எதற்கு என்று தெரியவில்லை. நான் சீட்டில் உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தேன். நிறுத்த மனம் வரவில்லை.

நேற்று இஹ்ஸானைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஆறுமுகநேரி வரை ஓட்டிப் பார்த்தேன். உப்பளம் பக்கம் எதிர்க்காற்று. வேகம் கூட்டினால் உள்ளே யாரோ கூழாங்கல்லை உலுக்குவது போல ஒரு சத்தம். மற்றபடி நன்றாக ஓடுகிறது. அந்தச் சத்தம் எதனால்?

சட்டை கிழிந்ததை நான் எழுதாமல் விட்டிருந்தால் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது, இல்லையா? போனில் பேசியிருந்தால் நிச்சயம் விட்டிருப்பேன்.

பல்கீஸ்


தம்மாம்,
18 பிப்ரவரி 2025

பல்கீஸுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். பதில் எழுத நாளாகிவிட்டது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

முதலில் கூழாங்கல் சத்தம். பொறி கொஞ்சம் முந்தி விழுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப்பைத் தளர்த்தி, ரோட்டர் எந்தத் திசையில் சுற்றுகிறதோ அதே திசையில் டிஸ்ட்ரிபியூட்டரையே மயிரிழை அளவு திருப்பு. ஓட்டிப் பார். சத்தம் நிற்கும்வரை அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய். அதிகம் திருப்பினால் இழுவை போய்விடும். ஒயர்கள் இழுத்துக்கொண்டு நிற்பதை அப்படியே விடாதே. அமலன் வரும்போது டிஸ்ட்ரிபியூட்டரை அரைச் சுற்றுத் திருப்பி உட்காரவைத்து, ஒயர்களைப் பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொல். அவருக்கு என் சலாம் சொல். பூட்டிய வேலையில் குறை இல்லை, நல்ல கை.

இனி நீ கேட்டது. வெளியே எனக்கு என்ன பயம் என்று கேட்டாய்.

கல்யாணத்தன்று நான் இரண்டு தெரு தள்ளி உங்கள் வீட்டுக்கு வந்தேன். மாப்பிள்ளை பெண் வீட்டிலேயே குடியிருப்பது நம் ஊர் வழக்கம், குறை சொல்லவில்லை. ஆனால் அன்று மாப்பிள்ளையாக வந்தவன் இன்றுவரை மாப்பிள்ளையாகவே இருக்கிறேன். லீவில் வந்தால் முதல் தட்டு எனக்கு. நான் எழுவதற்குள் தட்டு காணாமல் போய்விடும். வாளியைத் தொட்டால் யாராவது ஓடிவந்து வாங்கிக்கொள்வார்கள். பகலில் கண்ணயர்ந்தால், "மாப்ள தூங்குறாங்க, சத்தம் போடாதிய" என்று உன் உம்மா தெருவையே அடக்குவார்கள். அவர்கள் மறைந்த பிறகு நீ அடக்கினாய். இப்போது மின்ஹா. நாற்பத்தைந்து நாள் லீவுக்கு அது மரியாதை. மிச்ச ஆயுளுக்கு அதை எப்படித் தாங்குவது?

காருக்கு அடியில் படுத்திருக்கும்போது மட்டும் யாரும் வரமாட்டார்கள். அங்கே எனக்குத் தாகம் எடுத்தால் நானே எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பேன். கையில் கிரீஸ் என்பதால் யாரும் என்னைப் பந்தியில் உட்காரவைக்க முடியாது. அது முடிந்துவிட்டால் அந்த வீட்டில் நான் எங்கே போய் உட்காருவேன் என்று தெரியவில்லை. அதனால்தான் முடிக்கவில்லை. நீ ஜன்னலில் நின்று பார்த்தது உண்மைதான்.

இங்கே என்னை யாரும் விழுந்து விழுந்து கவனிப்பதில்லை. அதுவும் ஒரு சுகம் என்று உன்னிடம் எப்படிச் சொல்வது?

ஃபாரத்தில் என் பெயரை நிரப்பிவிட்டேன். கீழே கையெழுத்து இடம் காலியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வாரம் கேட்பார்கள்.

ஸதக்கத்துல்லாஹ்


காயல்பட்டினம்,
20 பிப்ரவரி 2025

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றபடி வாசித்தேன். மின்ஹாவிடம் கொடுத்தேன். கொடுத்தது தப்பு என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் வாசித்துவிட்டு, "வாப்பா வந்தா நாங்களும் விருந்தாளி மாதிரிதாம்மா இருப்போம். குரலைத் தாழ்த்திப் பேசுவோம், அடுப்படியில சிரிக்க மாட்டோம். வாப்பா போனதும் எல்லாரும் காலை நீட்டி உட்காருவோம்" என்றாள்.  இத்தனை வருஷமாக இந்த வீட்டில் நீங்களும் விருந்தாளி, நாங்களும் விருந்தாளி. வீட்டுக்காரர் என்று ஒருவரும் இல்லை.

நான் செய்ததை மரியாதை என்றுதான் நினைத்தேன். உம்மா செய்தார்கள், பார்த்துச் செய்தேன். உங்கள் தட்டை நான் எடுக்கும்போது உங்கள் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை, தட்டைத்தான் பார்த்தேன்.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு முறை மயிரிழை திருப்பியதில் கூழாங்கல் நின்றுவிட்டது. நேற்றுக் காற்று பலத்து, போட்கள் போகவில்லை. அமலன் வந்து ஒயர்களையும் ஒழுங்கு செய்துவிட்டார். இன்று காலை முத்தையாபுரம் தாண்டி தூத்துக்குடி வரை நானே ஓட்டிப் போய்வந்துவிட்டேன். துறைமுகத்து லாரிகளுக்கு நடுவில் கொஞ்சம் நடுங்கியது, எனக்குத்தான், காருக்கு இல்லை. அதில் இனி ஒரு குறையும் இல்லை.

பழுதாகிக் கிடந்த தண்ணீர் மோட்டாரை இஹ்ஸான் சரிபார்த்துவிட்டான். மாடிக் கசிவையும் அடைத்தாகிவிட்டது. உங்களுக்காக எதையாவது உடைத்துவைக்கலாமா என்றுகூட மின்ஹா கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே, மச்சான், இந்த வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கும் வேலை என்று ஒன்றுமே இல்லை. இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. வேலையை முடித்தது, நீங்கள் தேவையில்லை என்று காட்ட இல்லை. வேலைக்காக நீங்கள் வருவது எனக்குப் போதவில்லை.

வந்து சும்மா இருங்கள். சோற்றை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், தட்டை நீங்களே கழுவுங்கள், தூங்கினால் நாங்கள் சத்தம் போடுவோம். பழகிய கை, முதல் கொஞ்ச நாள் என்னையறியாமல் உங்கள் தட்டுக்கு நீளும். அப்போது அதைத் தட்டிவிடுங்கள்.

கையெழுத்து உங்கள் விருப்பம். போட்டாலும் எழுதுங்கள்.

பல்கீஸ்


தம்மாம்,
25 பிப்ரவரி 2025

அன்பு பல்கீஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்துக்கு வரி வரியாகப் பதில் எழுத எனக்குத் தெரியாது. செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன், கையெழுத்து இல்லாமல். கணக்கு முடித்து அனுப்ப நோன்புப் பெருநாள் ஆகிவிடும் என்கிறார்கள். ஆகட்டும். நோன்பு இங்கே, பெருநாள் அங்கே, இன்ஷா அல்லாஹ்.

எங்கள் மேனேஜர் ஜோர்டான்காரர், நல்ல மனிதர். ஊரில் ஒர்க்‌ஷாப் வைக்கப் போகிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். கடையா? இல்லை. மகனோடு ஏதாவது தொழிலா? மகன் இல்லை, மகள்தான் என்றேன். பிறகு எந்த வேலைக்காகப் போகிறாய் என்றார்.

"ஒரு வேலையும் இல்லை, அதனால்தான்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். அரபியில் அதை அவருக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் நானும் வாங்கிக் குடித்தேன்.

ஸதக்கத்துல்லாஹ்